மதிலுக்கு வெளியே

அக். 23, வியாழன்

புழுக்கம். ராஜகிரி மலை உச்சியில் மேகம், கீழே ஒரு சொட்டு இல்லை. அரை நாள் லீவு. தலைமையாசிரியர் ஏதோ தன் சொத்தைக் கேட்டதுபோல் கையெழுத்துப் போட்டார்.

பழைய கல்லறைத் தோட்டத்தைப் போட்டோ எடுக்கப் போனேன். தாத்தா வாய்வார்த்தையாக ஊருக்கு விட்ட இடம், பத்திரம் எங்கள் குடும்பத்துப் பேரிலேயே கிடந்து, பாகப் பிரிவினையில் அண்ணனுக்குப் போனது. அண்ணன் நிலத்தோடு சேர்த்து விற்றுவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. ஊரும் புதுக் கல்லறைக்குப் போய்விட்டது.

சீமைக் கருவேலம். உடைந்த சிலுவைகள். ஒன்றில் ஆடு கட்டியிருந்தது.

வாங்கிய ஏழுமலை: "மதிலுக்கு உள்ள நான் கையே வெக்க மாட்டேன் சார். யார் சாபம் நமக்கு இன்னாத்துக்கு? வெளிய மட்டும் திங்கக்கிழம ஜேசிபி உட்டு சமன் பண்றேன். போட்டோ புடிக்கிறத அதுக்குள்ள புடிச்சிக்குங்க."

தலையாட்டினேன். வெளியே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

அக். 24, வெள்ளி

போட்டோவில் கல்லறை எழுத்து தெரிய மைதா தடவினேன். எறும்பு மொய்த்துவிட்டது. சாக்பீஸ் தூள்தான் சரி. ஒரு கல்லில் 'நித்திய' மட்டும் மிச்சம், மீதி உடைந்துவிட்டது. எங்கள் நைனாவின் கல்லறையில் விரிசல்.

விரலில் முள். ஊசி வாங்க வேண்டும்.

சோறு போடும்போது மேரி, "உள்ள மட்டுந்தான் எடுக்கிறீங்களா?" என்றாள். இத்தனை வருடத்தில் அவளாக அதைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் முறை.

எங்கள் முதல் பிள்ளை. பெண். ஒரு நாள்கூட இருக்கவில்லை. நான் பாண்டி ஆஸ்பத்திரியில் மேரியோடு. அண்ணன்தான் துணியில் சுற்றி எடுத்துப்போனான். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை என்று கோயில் உபதேசியார் மதிலுக்குள் விடவில்லை. வெளியே வைத்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை. உபதேசியார் செத்துப்போனார், மதிலுக்கு உள்ளே நல்ல பளிங்குக் கல். இடம் தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான்.

அக். 25, சனி

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நான்தான்."

"தெரியுது. சொல்லு."

"புள்ளய எங்க வெச்ச?"

டிவியை அணைத்தான். பிறகு, "கெழக்கு மூல. பனமரத்த ஒட்டி. நாளைக்கி வரேன்."

"வர வேணாம், சொன்னா போதும்."

"வரேன்டா."

அக். 26, ஞாயிறு

தூறல். பூசைக்குப் போகவில்லை. மேரியும் கூட வந்தாள்.

அண்ணன் நரைத்துப்போயிருக்கிறான், முழங்கால் வலி வேறு. எடுத்ததும், "இன்னாடா, தொப்ப போட்டுட்ட."

கிழக்கு மூலையில் பனை இல்லை. ஏழுமலை, "நான் வாங்கறப்பவே இங்க ஒரு மரமும் இல்லீங்களே" என்றார். அண்ணன் மதிலோரமாகப் போனான், வந்தான், மறுபடி போனான். குனிந்து மண்ணைத் தடவினான். குடையோடு நின்ற மேரியை ஒருமுறை பார்த்தான். நேரே போய் ஓரிடத்தில் நின்றான்.

"இங்கதாம்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

அது தெற்கு மூலை.

மேரி குடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, ஈர மண்ணில் கை வைத்தாள். நேற்று கிழக்கு என்றாயே என்று வாய்வரை வந்தது. அண்ணன் என் பக்கமே திரும்பவில்லை.

உடைந்த சிலுவைக் கல் ஒன்று மதிலோரம் கிடந்தது. "அந்தப் பக்கம் புடி," என்றேன். பிடித்தான். மேரி கை வைத்த இடத்தில் நட்டோம்; அந்த மூலையை விட்டுவிடுவதாக ஏழுமலை சொன்னார்.

அக். 27, திங்கள்

சரியான தூக்கமில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் ஏழுமலையைத் தனியாகப் பார்த்தேன். கிழக்கு மூலையையும் விட்டுவிடச் சொன்னேன். மேரிக்குத் தெரிய வேண்டாம் என்றேன்.

சிரித்தார். "உங்க அண்ணன் நேத்தே பஸ் ஏறறதுக்கு முன்னாடி இதையேதான் சொல்லிட்டுப் போனாரு சார். உங்களுக்குத் தெரிய வேணாம்னாரு."

ஜேசிபி கிழக்கு மூலையைச் சுற்றி வளைந்து போனது. பார்த்துக்கொண்டே நின்றதில் பள்ளியின் முதல் மணிக்குப் போக முடியவில்லை.