மஞ்சள் கம்பி, செம்புக் கம்பி

நேற்று பீர்க்கங்கொடியைப் பிடுங்கினேன். காய்ப்பு முடிந்து இலையெல்லாம் சருகாகிவிட்டது. கொடியை இழுக்கும்போது சுண்டுவிரலில் ஏதோ சுருக்கென்று குத்தியது. பார்த்தால் உங்கள் கிதார் கம்பி. பந்தல் மூங்கிலை நான்தான் அதில் கட்டியிருக்கிறேன். ரத்தத்தைத் துடைத்துவிட்டு விரலை முகர்ந்தேன். ஈரமான சில்லறைக் காசு போல ஒரு வாசம். வாசித்துவிட்டுச் சோற்றுக்கு உட்காரும்போது, எத்தனை கழுவினாலும் உங்கள் கையை விட்டுப் போகாத வாசம். பந்தலடியிலேயே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

நம் வீட்டில் கம்பிக்கா பஞ்சம்? காலண்டர் தொங்கியது அதில்தான். முருங்கைக் கிளையை இழுத்துக் கட்டியதும் அதில்தான். பதினைந்து நாளுக்கு ஒரு செட் கழற்றிப் போட்டால் வேறு என்னதான் செய்வது? "செத்துப்போச்சு புள்ள, இதுல உசுரே இல்ல" என்று ஆறு கம்பியையும் சுருட்டி என் தையல் மெஷின் மேல் வைப்பீர்கள். ஒன்றில்கூடத் துரு இருக்காது.

திருச்செங்கோட்டில் உங்களை ரிக்காரர் என்றால்தான் தெரியும். போர்வெல் போடும் ரிக் லாரியோடு ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று இருபது வருடத்துக்கு மேல் சுற்றினவர். மழைக்காலத்தில் லாரி ஊர் திரும்பினால்தான் எனக்குப் புருஷன். அப்படி ஒரு மழைக்குத் திரும்பியபோது தோளில் கிதார் தொங்கியது. நாகபுரிப் பக்கம் லாரி சேற்றில் மாட்டி எட்டு நாள் சும்மா கிடந்தபோது வாங்கியதாம். கேம்பில் சமைத்தவர் விரல் வைக்கச் சொல்லிக் கொடுத்தாராம். உங்கள் அக்கா வாசலிலேயே நிறுத்தி, "போர் ஓட்டறவனுக்கு இது எதுக்குடா? இத வெச்சா தண்ணி பாக்கப் போற?" என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வாசித்துக் காட்டினபோது சிரிப்பு நின்றுவிட்டது. பாறையில் பைப் இறக்குகிற விரலிலிருந்து அவ்வளவு மெதுவான ஓசை வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

முதுகு போய், வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகுதான் இந்தக் கம்பிப் பைத்தியம் பிடித்தது. அடிக்கடி சேலத்துக்குப் பஸ் ஏறுவோம். கடைக்காரர் பொறுமையான மனிதர். "வெரல்ல வருடறதுன்னா மெலிசு போதுங்க, பதினொண்ணு செட். ஓங்கி அடிக்கறதுன்னா பன்னெண்டு போடுங்க. மஞ்சக் கம்பி கணீர்னு பேசும். செம்பு நெறத்துல இருக்கறது பாஸ்பர், அது கொஞ்சம் கனிஞ்ச சத்தம்" என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வார். நீங்கள் ஒவ்வொரு முறையும் மஞ்சளையே எடுப்பீர்கள். அதுவும் போதவில்லை என்று நகத்தை வளர்த்து, கம்பி கட்டியிருக்கும் கட்டைக்குப் பக்கத்தில் கையை வைத்துச் சுண்ட ஆரம்பித்தீர்கள். எனக்குப் பல் கூசும்.

எனக்கு விஷயம் விளங்கியது ஓர் ஐப்பசிச் சாயங்காலத்தில். மழை விட்டிருந்தது. வாசலில் காபி குடித்துக்கொண்டே, "இந்த வருசம் சில்வண்டு ஒண்ணுகூடக் கத்தலயே புள்ள, மருந்தடிச்சே கொன்னுபோட்டாங்களாட்ட இருக்குது" என்றீர்கள். எதிர்ப் புளியமரம் முழுக்க அது அலறிக்கொண்டிருந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறீர்களா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ரிக் லாரியின் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று தேய்ந்த காது. பேச்சு கேட்கிறது, பஸ் ஹாரன் கேட்கிறது, பாட்டின் மெட்டும் கேட்கிறது. அதற்கு மேலே இருக்கிற கிணுகிணுப்பு மட்டும் போய்விட்டது. புதுக் கம்பிக்கும் பழைய கம்பிக்கும் வித்தியாசமே அந்தக் கிணுகிணுப்புதான். ஆகவே நீங்கள் மாட்டிய புதுக் கம்பியெல்லாம் உங்களுக்கு மட்டும் செத்துப்போய்க்கொண்டிருந்தது.

நான் சொல்லவில்லை. கட்டிலை விட்டு உங்களை எழுப்பி உட்கார வைத்திருந்தது அந்த நாள்களில் கிதார் ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அதையும் பரணில் போட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன். ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு, நல்ல கம்பியிலெல்லாம் பந்தல் கட்டினேன்.

உங்கள் அக்கா மகளின் நிச்சயத்தில் அது சந்திக்கு வந்தது. மைக்கை வைத்து நீங்கள் நகத்தால் சுண்டச் சுண்ட, முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பந்திக்குப் போனார்கள். அக்கா என் காதோடு, "ஏனம்மிணி, ஊசி ஏத்தறாப்பல இருக்குது. கல்யாணத்துக்கும் வாசிக்கறேன்னு நிக்கறான். நீயே பக்குவமா சொல்லிரு" என்றார். நீங்கள் மேடையை விட்டு இறங்கி, வேர்த்த முகத்தோடு, "எப்படி?" என்றீர்கள். "நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. நான் பக்குவம் பார்த்த லட்சணத்தைத்தான் நீங்கள் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். லைனிங் துணி எடுக்கப் போகிறேன் என்று சேலம் போய், ஒரு பாஸ்பர் செட் வாங்கி, அதை மஞ்சள் கம்பியின் அட்டைக்குள் மாற்றி வைத்தேன். உங்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை, கேட்பவர்களுக்குக் காது கூசாது, உங்கள் மனமும் நோகாது என்று பெரிய யோசனை. விளக்கு வைத்த நேரத்தில் அதை மாட்டினீர்கள். வாசித்துவிட்டு, "இதும் அதே மாதிரிதான். ஒண்ணும் பெருசா இல்ல" என்றீர்கள். எனக்கோ வீடே வேறு மாதிரி இருந்தது. வெல்லப்பாகு பதமாக இறங்கினதுபோல் அப்படி ஓர் ஓசை.

மறுநாள் காலை வெயிலில் கிதாரைத் துடைக்க எடுத்தீர்கள். துடைக்கிற துணி பாதியில் நின்றது. நான் மெஷினை நிறுத்தினேன்.

"இது மஞ்சக் கம்பி இல்லயே புள்ள. செவப்பா இருக்குது. மாத்தி வெச்சயா?"

"ஆமாங்க."

ஒரு கம்பியைச் சுண்டினீர்கள். இன்னொரு முறை சுண்டினீர்கள். "கண்ணுக்குத் தெரியுது. காதுக்கு ஒண்ணுந் தெரியலயே." பிறகு என்னைப் பார்த்தீர்கள். "அப்ப இத்தன நாளும் கம்பி நல்லாத்தான் இருந்துச்சா?"

நான் அழுதுவிட்டேன். சில்வண்டுக் கதையையும் சொன்னேன். காது போனதற்கு நீங்கள் கோபப்படவில்லை. ஒரு வருடம் நான் மறைத்ததற்குத்தான் கோபம். "ரிக்குல பைப் கோணலா எறங்குச்சுன்னா, பாக்கறவன் ஒடனே கையைக் காட்டோணும். ரிக் ஓட்டற பெரியவரு சங்கடப்படுவாரேன்னு சும்மா நின்னா எவனோ ஒருத்தனுக்குக் கை போயிரும். நீ ஒரு வருசம் சும்மா நின்னிருக்கற" என்றீர்கள். அன்று மத்தியானம்வரை கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். பரணைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சோறு தின்றதும் நீங்களே கூப்பிட்டீர்கள். கம்ப்ரசர் ஓடும்போது கத்தினால் யாருக்கும் கேட்காது. அதனால் ரிக்கில் எல்லாமே கைச்சாடைதான். அதில் மூன்றை எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். உள்ளங்கையைக் கவிழ்த்தால், அமுக்கு. முட்டியை மடக்கினால், நிறுத்து. கட்டைவிரலைத் தூக்கினால், சரி, போகட்டும். "நெசமா நல்லா இருந்தா மட்டும் கட்டவெரலத் தூக்கு சாமி. நீ பொய்யாத் தூக்குனா எனக்குக் கண்டுபுடிக்க வழியில்ல" என்றீர்கள். அப்புறம் நகத்தை வெட்டிக்கொண்டீர்கள்.

கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, ரிக் ஓட்டுகிற ஆள் மாதிரி நான் கையைக் கவிழ்த்தும் மடக்கியும் காட்டினேனே, உங்கள் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சாடை அவர்களுக்குப் புரியும் அல்லவா. கடைசிப் பாட்டுக்கு நான் கட்டைவிரலைத் தூக்கினேன். அவர்களும் தூக்கினார்கள். யாரும் பந்திக்கு எழுந்து போகவில்லை.

பிறகு வந்த வருடங்கள்தான் நம் நல்ல வருடங்கள். டாக்டர் கொடுத்த காது மெஷினைப் போட்டால் கிதார் தகர டப்பா போல இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டீர்கள். நான் கேட்டுச் சொல்ல, நீங்கள் கம்பியை மாற்ற, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பட்டு நூல் சுற்றிய கம்பி ஒன்று வந்தது. "சோத்து நீத்தண்ணி மாதிரி இருக்குதுங்க" என்றேன், கழற்றினீர்கள். பதிமூன்று செட் உங்கள் விரலையே அறுத்தது. கடைசியில் பாஸ்பர் பன்னிரண்டு நின்றது. அதையும் சுருதி ஒரு படி இறக்கிக் கட்டி, கிதாரை நெஞ்சோடு அணைத்து, அதன் அதிர்வில் வாசித்தீர்கள். நன்றாக இல்லாத நாளில் நன்றாக இல்லை என்றே சொன்னேன். ஒருநாள் "மண்ண வாரிப் போட்ட மாதிரி இருக்குதுங்க" என்றேன். அதற்கு நீங்கள் சந்தோஷப்பட்டதுபோல் நான் புகழ்ந்ததற்கு ஒருநாளும் பட்டதில்லை.

அந்தப் புதன்கிழமையைத்தான் இன்னும் சொல்லவில்லை. புதுச் செட் மாட்டி, ஏதோ புதிதாக வாசித்தீர்கள். மறுநாள் கொடுக்கவேண்டிய ஜாக்கெட் என் மெஷினில் இருந்தது. கழுத்துப் பட்டி சரியாக உட்காராமல் இரண்டு தடவை பிரித்திருந்தேன். முடித்துவிட்டு நீங்கள் புருவத்தைத் தூக்கினீர்கள். நான் கட்டைவிரலைத் தூக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டு, திருப்தியாகக் கிதாரை உறைக்குள் வைத்தீர்கள். சனிக்கிழமை காலையில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். ஜாக்கெட் அளவு கேட்க வருகிறவர்களுக்குக்கூட இது விசித்திரமாக இருக்கிறது. அவர்களுக்கு என்ன தெரியும்?

அந்தப் புதன்கிழமை நீங்கள் வாசித்தது என்ன பாட்டு, அது எப்படி இருந்தது என்று யாரைப் போய்க் கேட்பேன்? வீட்டில் நாம் இரண்டே பேர். உங்களுக்கோ பாதிதான் கேட்கும். மீதியைக் கேட்க வேண்டியவள் கழுத்துப் பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.