பாஸ்வேர்டு கேட்கும் முன்பே விழும் எக்ஸ்ரே சர்வர்

அனுப்புநர்:
ஜிஷ்ணு பாஸ்கரன்,
கணினி வலையமைப்புப் பராமரிப்பாளர் (ஒப்பந்தம்),
தாலுகா மருத்துவமனை, கூரிப்பொயில்.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்கள்,
மாவட்ட மருத்துவ அலுவலகம்.

பொருள்: எக்ஸ்ரே சர்வரின் கர்னலில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை அடைக்கவும், அதன் பழியைச் சுமக்கும் எக்ஸ்ரே பணியாளர் ஷம்லாவின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்யவும் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரே படங்கள் எல்லாம் ஒரே சர்வரில் சேர்கின்றன. அறுவை அரங்கு, வார்டுகள், கண்காணிப்பாளர் அறை என எல்லோரும் அதிலுள்ள பொதுக் கோப்புறையைத் தங்கள் கணினியிலிருந்தே திறந்து பார்க்கிறார்கள். மே மாதக் கடைசிச் செவ்வாய் முற்பகலில், சுமைதூக்கும் தொழிலாளி செய்தலவிக்குத் தொடையெலும்பு அறுவை நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சர்வர் நின்றது. சதை திறந்திருந்தது. திரை கறுத்துவிட்டது. அரங்கில் இருக்க வேண்டிய நகரும் எக்ஸ்ரே கருவி கோடையிலேயே பழுதுபார்க்கப் போயிருந்தது. இப்போது மழைக்காலம் வந்துவிட்டது, கருவி வரவில்லை.

2. எக்ஸ்ரே அறையில் இருந்த ஷம்லா, கருவியின் திரையில் மிச்சமிருந்த படத்தைத் தன் செல்போனில் பிடித்துக்கொண்டு அரங்குக்கு ஓடினார். செருப்போடு வந்ததற்கு அங்கே செவிலியர் சத்தம் போட்டார். “முதல்ல அவரு காலப் பாருங்க டாக்டரே, என்னைய அப்புறம் திட்டலாம்” என்றார் ஷம்லா. அந்தப் போனைப் பார்த்துத்தான் ஆணிகள் பொருத்தப்பட்டன. செய்தலவி இப்போது கோல் ஊன்றி நடக்கிறார்.

3. மறுவாரம் ஷம்லாவுக்கு வந்தது பணியிடை நீக்க உத்தரவு. குற்றச்சாட்டு இரண்டு. சர்வர் நின்றபோது அவருடைய பெயரில் இணைப்பு இருந்ததாம். நோயாளியின் படம் சொந்தப் போனில் இருந்ததாம். இரண்டாவதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, செய்தலவி சொல்வார். முதலாவதற்குச் சொல்கிறேன். எக்ஸ்ரே அறைக் கணினி காலை முதல் மாலை வரை சர்வரோடு இணைந்தேதான் இருக்கும். அந்த நேரத்து இணைப்புப் பட்டியலில் வேறு பலரும் உண்டு. உத்தரவில் கையெழுத்திட்ட கண்காணிப்பாளரும் உண்டு. அவருக்கு உத்தரவு வரவில்லை.

4. உண்மைக் காரணம் இது. இயங்குதளத்தின் உள்மையமான கர்னலே எங்கள் சர்வரில் கோப்புப் பகிர்வையும் நடத்துகிறது. அந்தப் பகுதியில் ஒரு பிழை. வார்டில் ஒருவரை டிஸ்சார்ஜ் செய்து அதே கட்டிலில் வேறொருவரைப் படுக்கவைத்த பிறகும், பழைய நோயாளியின் ஊசியை அந்தக் கட்டிலுக்கே போட்டால் என்ன ஆகும்? கர்னல் அதைத்தான் செய்கிறது. விட்டுக்கொடுத்துவிட்ட நினைவக இடத்தை இன்னும் தன்னுடையது என்று நம்பி எடுத்தாள்கிறது. தந்திரமாக அமைத்து வலையமைப்பு வழியே அனுப்பிய ஒரு கோரிக்கை போதும், சர்வர் விழுந்துவிடும். கைதேர்ந்தவர் செய்தால் விழாமலே முழு இயந்திரமும் அவர் கைக்குப் போகும். ஒருவர் எலும்பை இன்னொருவர் பெயரில் மாற்றி வைக்கலாம். இவை எல்லாம் பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே நடப்பவை. எனவே ஷம்லாவின் பெயரோ வேறு யாருடைய பெயரோ இதற்குத் தேவையே இல்லை.

5. விழும் கணத்தில் கர்னல் தானே எழுதிய பதிவை இணைத்துள்ளேன். கோரிக்கை வந்த முகவரி எக்ஸ்ரே அறையுடையது அல்ல. புறநோயாளிகள் கூடத்தின் இலவச வைஃபையுடையது. ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டார்களே, அதே வைஃபை. அதையும் எக்ஸ்ரே சர்வரையும் ஒரே வலையமைப்பில் கட்டியது சர்வரைப் பொருத்திய ஒப்பந்த நிறுவனம். அனுப்பியவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை யார் தலையிலும் கட்ட எனக்கு மனமில்லை.

6. இந்தப் பிழையைத் திருத்திய கர்னல் முன்பே வெளிவந்துவிட்டது. விலை இல்லை. நிறுவி, இயந்திரத்தை ஒருமுறை அணைத்து இயக்கினால் போதும். இதை ஏப்ரலிலேயே நிறுவனத்தின் பிரதிநிதியிடம் சொன்னேன். “ஓடுற மெஷின்ல கை வைக்காத மோனே. சீல் உடைஞ்சா வாரன்டி போச்சு. அப்புறம் உன் வீட்டுப் பலாப்பழத்த வித்தா கட்டுவ?” என்று சிரித்தார். சர்வர் விழுந்த பிறகு அவர்கள் செய்த ஒரே பரிகாரம், பாஸ்வேர்டை மாற்றியது. புதிய பாஸ்வேர்டு செவிலியர் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. திருடன் வாசல் பக்கமே வராமல் வீட்டுக்குள் நுழைகிறான். இவர்கள் வாசல் பூட்டை மாற்றியிருக்கிறார்கள்.

7. விசாரணை வருகிற வெள்ளிக்கிழமை. ஷம்லா என்னைப் போலவே ஒப்பந்தப் பணியாளர். எங்களுக்கு மேல்முறையீடு கிடையாது. “நீ வாயத் திறந்தா உன்னையும் தூக்கிருவாங்கடா, சும்மா இரு” என்று அவரே என்னைத் தடுத்தார். சும்மா இருக்க முடியவில்லை, அம்மையீர்.

8. ஆகவே விசாரணைக்கு முன் அவரது பணியிடை நீக்கத்தை ரத்து செய்யவும், நிறுவனத்தின் சீலை உடைத்துக் கர்னலைப் புதுப்பிக்க எழுத்து மூலம் ஆணையிடவும் வேண்டுகிறேன். என் சொல்லில் ஐயமிருந்தால், நோயாளிகளின் படம் எதுவும் இல்லாத தனிக் கணினியில் தங்கள் முன்னிலையிலேயே கர்னலை விழச்செய்து காட்டுகிறேன். அனுமதி இல்லாமல் செய்தால் நான் குற்றவாளி. அனுமதி தரத் தங்களால் மட்டுமே முடியும்.

9. கடைசியாக ஒன்று. தங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்கள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டுப் பொதுக் கோப்புறையில் போடப்படுகின்றன. அந்தக் கோப்புறை உள்ள சர்வர் பெட்டி தங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பொருத்தியது அதே நிறுவனம். மேலே ஒட்டிய சீட்டில் இருப்பதும் எங்கள் சர்வரில் உள்ள அதே கர்னல் பதிப்பு எண். அதனால்தான் மின்னஞ்சலில் அனுப்பாமல் தாளில் எழுதி நேரில் கொண்டுவந்தேன். இதைத் தாங்கள் கையில் வைத்தே படியுங்கள். ஸ்கேன் செய்ய அனுப்ப வேண்டாம்.

தங்கள் பதிலுக்காகக் கீழே வராந்தாவில் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஜிஷ்ணு பாஸ்கரன்

இடம்: கூரிப்பொயில்
நாள்: 12.06.2024

இணைப்பு: சர்வர் விழுந்தபோது பதிவானதன் அச்சுப்படி, செய்தலவியின் வாக்குமூலம், கைநாட்டுடன்.