உன் மஞ்சள் விமானம் நிற்பதற்கு ஓர் இடம்

இன்று காலை மேசைமேல் வைத்த காபி டம்ளர் தானாகக் கிணுகிணுத்தது. மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கடியில் மெட்ரோ சுரங்கம் தோண்டுகிறார்கள். டம்ளரை விட்டுவிட்டு உன் மஞ்சள் விமானம் இருக்கும் அலமாரிக்கு ஓடினேன்.

நீ போன சில வாரங்களில் உன் மனைவி நீ செய்த நான்கு மாதிரி விமானங்களையும் என்னிடம் தந்துவிட்டாள். "இதுங்கள வீட்ல பாத்துட்டு இருக்க முடியலண்ணா. உடையாம மட்டும் பாத்துக்கோங்க." அந்தக் கடைசிச் சொல் என் நிம்மதியைக் கெடுத்தது. மெல்லிய மரச் சட்டம், மேலே காகிதம். தொடவே கை கூசும்.

பாலவாக்கம் கடற்கரையில் ஒருமுறை இந்த மஞ்சள் விமானம் தலைகுப்புற மணலில் விழுந்தது. நான் பதறினேன், நீ சிரித்தாய். "இன்னா மச்சி, பறக்கறது விழாம இருக்குமா? ஒட்டிக்கலாம் வா." அன்று ஒட்ட நீ இருந்தாய்.

மற்ற மூன்றையும் பஞ்சு திணித்த பெட்டியில் வைத்துவிட்டு, போன வாரம் இதற்கு ஒரு தாங்கி செய்யத் தொடங்கினேன். முதலில் ஒற்றைக் கம்பி நட்டேன். தெரு அதிர்ந்ததும் விமானம் மூக்கு தொங்கிச் சரிந்தது. நல்லவேளை, கையில் பிடித்துவிட்டேன். பறக்கவிடும் முன் இறக்கைக்கடியில் இரண்டு விரல் கொடுத்து நீ சமநிலை பார்ப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நானும் அப்படியே தேடி, சாயாமல் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டேன். அங்கே தாங்க இரண்டு மரக் கவைகள், உட்புறம் கம்பளித் துணி, வாலுக்கொரு முட்டு. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வெட்டி வாங்கிய அகலமான இரும்புத் தகட்டை அடியில் திருகி, அதற்கும் கீழே ரப்பர் ஒட்டினேன்.

இன்றுதான் அதற்குச் சோதனை. அலமாரிக் கண்ணாடி கடகடத்தது. விமானம் அசையவில்லை.

உன் மனைவியை அழைத்தேன். வந்தவள் தாங்கியின் கம்பளித் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "இத நான் எடுத்துட்டுப் போகட்டுமாண்ணா?"

ஆட்டோவில் தாங்கி அவள் மடியில், விமானம் என் மடியில். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவாப்பா" என்றேன். அடையாறு தாண்டியதும் ஓட்டுநர் பொறுமையிழந்தார். "இன்னா சார், உள்ள கொழந்தயா கீது?" அவள் சிரித்துவிட்டாள். நீ போனபின் அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

உங்கள் பாலவாக்கம் வீட்டுக் கூடத்தில் சன்னலோரம் வைக்கப் போனாள். "வேணாம்மா, கடல்காத்து தூக்கிடும்" என்று சுவரோரமாக வைக்கச் சொன்னேன்.

"மத்த மூணுக்கும் செஞ்சு வைங்கண்ணா. ஒண்ணொண்ணா வந்து எடுத்துக்கறேன்."

சரி என்றேன். பயம் போகவில்லை. அந்தப் பயத்தோடுதான் வீடு திரும்பி, இப்போது பெட்டியைத் திறந்து, அடுத்த இறக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன்.