விளங்காத கேள்விக்கு ஓம்

வெள்ளவத்தை
12.03.2008

அன்புள்ள மகன் குகநேசனுக்கு,

நாங்கள் இங்கே சுகம் என்று சொல்லும்படி இருக்கிறோம், நீங்கள் மூவரும் அங்கே மெய்யாகவே சுகமாயிருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டபடி எழுதுகிறேன். அப்பாவின் கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. ஒழுங்கைக்குள் இந்த மாதம் மூன்று தரம் செக்கிங், ஒவ்வொரு தரமும் பொலிஸ் பதிவுத் துண்டைத் தேடி எடுத்து நீட்டி எனக்கு அலுத்துப்போய்விட்டது. இதை அங்கே வருகிற நமசிவாயம் மாமா கையில் கொடுத்துவிடுகிறேன், ரெலிபோனில் கதைக்கிற விஷயமில்லை.

கௌரியின் கல்யாணப் படங்களை நீ இணையத்தில் திறந்து தந்த அல்பத்தில் ஏற்றச் சொன்னாய் அல்லவா. இருநூற்றுச் சொச்சம் படம், ஒவ்வொன்றாக ஏற்ற என்னால் ஏலாது என்று புறுபுறுத்தேன், நீயும் அந்த இணையத்தளமே கம்பியூட்டருக்குள் பார்த்து எடுத்துக்கொள்ளும் என்றாய். அது ஒரு பெட்டி நிறைய ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. ஆமிக்காரரின் சென்றியில் சிங்களத்தில் என்ன கேட்டாலும் "ஓவ் மாத்தயா" என்று தலையாட்டிப் பழகினவள் நான், ஓம் என்றால் போக விட்டுவிடுவார்கள். அதற்கும் ஓம் என்றே அழுத்தினேன்.

அது கல்யாணப் படத்தோடு நிற்கவில்லை தம்பி. உள்ளே இருந்த படம் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது, எங்களோடு இருக்கிற சின்னம்மாவின் மகள் அருந்ததியின் சத்தியக்கடதாசியையும் சேர்த்து. தமையனைத் தெமட்டகொடையில் வெள்ளை வானில் பிடித்து ஏற்றியதைக் கண்டவள் அவள், புதுக்கடைக் கோட்டடியில் லோயரிடம் எழுதுவித்த கடதாசி அது. வான் நம்பர், ஏற்றினவனின் அடையாளம், அவளுடைய கையெழுத்து, எங்கள் வீட்டு விலாசம் எல்லாம் அதில் இருக்கிறது. கடதாசியாக வைத்திருந்தால் செக்கிங்கில் அகப்படும் என்று படமாக்கிக் கம்பியூட்டருக்குள் வைத்ததும் நான்தான். அல்பம் ஆரும் பார்க்கலாம் என்று திறந்து கிடக்கிறது, இப்போது சந்தியில் நோட்டீஸ் ஒட்டின மாதிரி ஆகிவிட்டது. நெற் கபே நிலாமிடம் ஓடினேன். "டீச்சர், போட்டோவ மட்டும் எடுத்துக் காட்டாம முழு அலுமாரியையும் தொறந்து குடுத்திட்டீங்களே, அல்பம் மகன்ட பேர்ல இருக்கு, அவர்தான் அழிக்கணும்" என்றார்.

அருந்ததியிடம் மறைக்க மனம் வரவில்லை, சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தாள், அந்தப் படத்தின் கீழே பதினொரு பேர் பார்த்ததாகக் காட்டியது. "ரண்டு வருஷமா ஒரு பொலிசிலயும் இதை ஒருத்தரும் வாசிக்கேல்லைப் பெரியம்மா. பதினொரு பேர் பாத்திருக்கினம். எடுக்க வேண்டாம் எண்டு குகன் அண்ணாவுக்கு எழுதுங்கோ" என்றாள்.

எழுதுகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தம்பி, நீ அதை அழி. கடிதம் கண்டவுடன், குளிர்க் கோட்டைக் கழற்றுமுன் அழி. அந்தப் பதினொரு பேர் ஆரென்று எனக்குத் தெரியாது. தங்கச்சி பெற்றதில் மிஞ்சினது இவள் ஒருத்தி, இவளையும் தேடித் திரிய என் உடம்பில் இனித் தெம்பில்லை.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ. பேரனுக்கு என் முத்தம். முருகன் உங்கள் மூவருக்கும் துணையிருப்பான். அருந்ததிக்கு எழுதும்போது மறந்துவிடாதே, அந்தத் தளத்துக்காரர் தாங்களாகவே அழித்துவிட்டார்கள் என்று எழுது.

என்றும் உன் நினைவாயிருக்கும்,
அம்மா நாகேஸ்வரி