ஹில்கேயின் இடத்துக்கு ஒரு பரீட்சை

ஸ்வோலே
பிப்ரவரி 3

அன்புள்ள ஹில்கே,

கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் ஓய்வில்லத்தில் போய்ச் சேர்ந்துகொண்டு என்னையும் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். தூங்குகிறாயா? அலுவலகத்தில் நீ மயங்கி விழுந்ததைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. உன் பெயரை எடுத்தாலே காப்பி எடுக்கப் போய்விடுகிறார்கள்.

நம் மருத்துவமனையும் அக்கரை மருத்துவமனையும் ஒன்றாகின்றன. இரண்டு கணினிப் பிரிவுக்கும் ஒரே நடைமுறை வேண்டுமாம். "ஐடிஐஎல், கோபிட், ஐஎஸ்ஓ இருபதாயிரம், இந்த மூணு நெறிமுறையையும் ஒப்பிட்டு எழுதிக் குடு. அப்படியே ஐடிஐஎல் பரீட்சையையும் முடிச்சிடு" என்றார் நம் மேலதிகாரி மார்னிக்ஸ். எனக்கோ ஒரே ஆள் மூன்று கோட்டு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருவதுபோல் இருக்கிறது. புத்தகங்களைப் பரப்பினால் பிள்ளைகளுக்குச் சாப்பிட மேசையில்லை. சொல்லிக்கொடேன்.

உன் வீட்ஸ்கே

*

ட்ரென்தே
பிப்ரவரி 12

வீட்ஸ்கே,

நலம் விசாரிக்க இரண்டு வரி, பாடம் கேட்க ஒரு பக்கம். உன்னைத் தெரியாதா எனக்கு!

பரிசோதனைக்கூடத்து பிரிண்டர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள். ஐடிஐஎல் உன் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் நர்சுக்கு வேலை நடக்கட்டும், பிறகு அது ஏன் அடிக்கடி நிற்கிறது என்று தோண்டு என்று வழி சொல்லும். கட்டாயப்படுத்தாது. கோபிட் மேல்மாடியிலிருந்து, இதற்கு யார் பொறுப்பு, யார் பதில் சொல்வது என்று கேட்கும். ஐஎஸ்ஓ வாசலில் நிற்கும் தணிக்கைக்காரர்: "செய்யறேங்கிறியே, எங்கே, காட்டு!" ஐடிஐஎல் சான்றிதழ் ஆளுக்கு, ஐஎஸ்ஓ சான்றிதழ் நிறுவனத்துக்கு. பரீட்சையில் பலருக்கும் இங்கேதான் கால் இடறும். மூன்றுக்கும் சண்டை கிடையாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறி என்று மார்னிக்ஸ் சொன்னால் கேட்காதே.

இதை எழுதும்போது கை நடுங்கவில்லை. இங்கே எங்களைப் பார்த்துக்கொள்ளும் கேஸ்கேயிடம் ஓடிப்போய், செப்டம்பரில் வேலைக்குத் திரும்புகிறேன் என்றேன். "மொதல்ல சூப்பைக் குடிங்க ஹில்கே, ஆறுது" என்றாள்.

ஹில்கே

*

ஸ்வோலே
மார்ச் 5

அன்புள்ள ஹில்கே,

இதை மறைத்துவைக்க என்னால் முடியவில்லை. நேற்று மார்னிக்ஸ் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் சேவை மேலாளர் ஒருத்தர்தான். பாஸ் பண்ணா நீ."

"அது ஹில்கேயோட இடமாச்சே?"

"அவருக்கு உடம்பு சரியில்ல. எத்தனை நாள் காலியா வச்சிருக்கிறது?"

"நான் மாட்டேன்னா?"

"ஹெல்ப்டெஸ்க் வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுக்கலாம்னு பேச்சு நடக்குது. அவங்களோட நீயும் ஐந்தோவன் போகலாம்."

பிள்ளைகள் ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அடுத்த தெருவில் அப்பாவிடம். அவ்வளவு தூரத்து ஐந்தோவனிலிருந்து இது எப்படி நடக்கும்? நீ சொல்லித்தந்ததை வைத்தே உன் இடத்தைப் பிடிக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் திருடுகிற மாதிரி இருக்கிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது. நான் பரீட்சைக்குப் போகமாட்டேன்.

வீட்ஸ்கே

*

ட்ரென்தே
மார்ச் 27

வீட்ஸ்கே,

அந்த ஒரு வார்த்தையை ஏன் என் தலையில் கட்டுகிறாய்? கோபத்தில் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். கேஸ்கே உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "யாரது, ஆபீசையே உறையில போட்டு அனுப்பறது?" என்று கேட்டாள். சிநேகிதி என்றேன்.

போய் எழுது. பதில் இரண்டும் சரிபோலத் தெரிந்தால், வாங்கிக்கொள்பவருக்கு எது பயன் என்று பார். அதுதான் ஐடிஐஎல்.

எனக்கு ஒன்றே ஒன்று. உன் கீழே வேலை பார்க்க எனக்கு வெட்கமில்லை. ஹெல்ப்டெஸ்க்கில் ஒரு மூலை பிடித்து வை, செப்டம்பரில் வருகிறேன். முடியாது என்றால் அதை நீயே சொல். மார்னிக்ஸ் வாயால் வேண்டாம்.

ஹில்கே

*

தகவல் தொழில்நுட்பச் சேவைப் பிரிவு
ஸ்வோலே
மே 19

மதிப்புக்குரிய திரு. ஹில்கே போஸ்ட்மா அவர்களுக்கு,

தாங்கள் செப்டம்பரில் பணிக்குத் திரும்ப விரும்புவதை அறிந்தோம். தாங்கள் வகித்த பொறுப்பு நிரப்பப்பட்டுவிட்டது. ஹெல்ப்டெஸ்க் பணிகள் வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. தங்கள் உடல்நிலைக்கு ஏற்ற வேறு பணி அக்கரைக் கட்டடத்தில், ஆவணக் காப்பகத்தில் தரப்படும். தாங்கள் விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்.

வீட்ஸ்கே ஹூக்ஸ்ட்ரா
சேவை மேலாளர்

ஹில்கே, இனி வருவது என் கையால் எழுதுவது. நேரில் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தேன். ஓய்வில்லத்து வேலிக்கு அந்தப் பக்கம் உன்னைத் தோட்டத்துத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "விட்டுறாதீங்க, ஐயோ, விட்டுறாதீங்க!" என்று கத்திச் சிரித்தாய். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. காரைவிட்டு இறங்காமலே திரும்பிவிட்டேன். மறுநாள் மார்னிக்ஸ் இந்தத் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் பதில் எழுத வேண்டிவரும். அதையும் நான் இந்த அலுவலகத் தாளில்தான் எழுதுவேன்.