மஞ்சள் தொப்பியின் இரண்டாவது துளை

மச்சான்,

இன்று காலை உன் வீட்டுக்காரி கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஒரு துணிப்பையை என் மேசை மேல் வைத்தாள். திறப்பதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் கலந்த பழைய வாசம், அதோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெய். உள்ளே உன் மஞ்சள் ஹெல்மெட். முன்னால் கம்பி வலை, காதை மூட இரண்டு கிண்ணங்கள், உச்சியில் அந்த விரிசல். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பொறாமை. இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எழுபதுகளின் தொடக்கம் அது. தாம்பரத்தில் அந்தப் பெரிய வளாகத்தில் மரம் வெட்டும் வேலைக்கு நீயும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். கோடாரியில் நான் உனக்கு எந்த விதத்திலும் இளைத்தவன் இல்லை. இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அப்புறம் மிஷின் ரம்பம் வந்தது. கயிற்றைச் சுண்டி இழுத்தால் உறுமுகிற ரம்பத்தை எல்லோரும் வட்டமாக நின்று பார்த்தோம். ஓட்டுவதற்கு ஒருவன்தான் வேண்டும். சூப்பர்வைசர் நம் இருவரையும் கூப்பிட்டார்.

"தலைக்கு ஹெல்மெட் இல்லாம இதைத் தொடக் கூடாது. பாரிஸ் கார்னர்ல ஒரு கடைக்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு பேரும் போய் அவங்கவங்க தலைக்குப் பார்த்து எடுத்துட்டு வாங்க. யார் சரியா எடுக்கறீங்களோ, அவர் கையில மிஷின்."

மின்சார ரயிலில் போகும்போதே எனக்குத் தெரியும், மிஷின் எனக்குத்தான் என்று. கடையில் இருந்ததிலேயே பெரிய வெள்ளை ஹெல்மெட்டை எடுத்தேன். முண்டாசுக்கு மேல் அது ஒன்றுதான் உட்கார்ந்தது. வேலைக்காரன் தலையில் துண்டு இல்லாமல் நிற்பது நமக்கெல்லாம் இடுப்பில் வேட்டி இல்லாமல் நிற்கிற மாதிரி. நீயோ கடை நடுவிலேயே முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டாய்.

"இன்னாடா, இங்கியே குளிக்கப் போறியா?" என்று சிரித்தேன்.

நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக வெறுந்தலையில் போட்டுப் பார்த்தாய். குனிந்தாய், தலையை உதறினாய், விட்டத்தை அண்ணாந்து பார்த்தாய். "கண்ணாடி போட்டது வாணாம் பாய், வேர்வையில மங்கிடும். வலை போட்டதா குடு" என்றாய். காதுக் கிண்ணங்களை மூடிக்கொண்டு என்னைக் கத்தச் சொன்னாய். நான் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். நீ தலையாட்டிவிட்டு, "பாதிதான் கேக்குது, இதான் சரி" என்றாய்.

மறுநாள் சூப்பர்வைசர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மேலே பாருங்க." நான் பார்த்தேன். என் வெள்ளை ஹெல்மெட் பின்னால் வழுக்கி விழுந்து, புளியமரத்தடி வரைக்கும் உருண்டு போனது. எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதிலிருந்து உன் கையில் மிஷின், என் கையில் கயிறு. நீ அறுக்கிற மரம் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் நான் இழுக்க வேண்டும். டீக்கடையில்கூட உன்னை 'மிஷின்காரரே' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு டீ கசந்தது. வீட்டுக்குப் போய்க் குழம்பில் உப்பில்லை என்று சண்டை பிடிப்பேன். "அவரு தலையில கீற தொப்பி உனக்கு இன்னாத்துக்குய்யா பாரமா கீது?" என்றாள் என் மனைவி. அன்றைக்கு நான் சாப்பிடாமல் எழுந்தேன்.

பிறகு ஒரு ஐப்பசியில் நீ காய்ச்சலில் படுத்தாய். மழைக்கு முன்னால் பட்டுப்போன தூங்குமூஞ்சி மரத்தை இறக்கியாக வேண்டும். மிஷின் என் கைக்கு வந்தது. முண்டாசைக் கட்டி, அதன் மேல் என் வெள்ளை ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றேன். அப்போதுதான் நீ போர்வையைப் போர்த்திக்கொண்டு, மஞ்சள் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாய்.

"துண்டை அவுருடா."

"முடியாது. நீ போய்ப் படு."

எல்லோர் முன்னாலும் நீயே கை நீட்டி என் முண்டாசை அவிழ்த்தாய். உன் விரல்கள் கொதித்தன. ஹெல்மெட்டைக் கவிழ்த்து, உள்பட்டையின் பொத்தானை முதல் துளையிலிருந்து பிடுங்கி இரண்டாவதில் மாட்டினாய். "உன் தலை எனக்குத் தெரியாதா? என்னுத விட ஒரு துளை பெருசு" என்று சொல்லி என் தலையில் அழுத்தினாய். அந்த நிமிடம் உன்னை அடித்திருப்பேன். காய்ச்சல்காரன் என்று விட்டேன்.

மதியத்துக்குள் மேலேயிருந்து ஒரு காய்ந்த கிளை முறிந்து என் உச்சியில் விழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காது இரைந்தது, வாயில் மரத்தூள். தலையில் ஒரு கீறல் இல்லை. விரிசல் விட்டது ஹெல்மெட்தான்.

சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை வேறு. வாசலில் உன்னைப் பார்த்ததும் வாயில் வந்தது, "உன் தொப்பி உடைஞ்சு பூட்ச்சு" என்பதுதான். நீ முதலில் என் மண்டையை விரலால் தடவிப் பார்த்தாய். அப்புறம்தான் ஹெல்மெட்டை வாங்கினாய். "ஒரு அடி வாங்கினா அதோட வேலை முடிஞ்சுது. இனிமே இத்த யாரும் போடக் கூடாது" என்றாய். அடுத்த வாரம் உனக்குப் புதுசு வந்தது. மிஷினும் உன் கைக்கே திரும்பியது. நான் நன்றி சொல்லவே இல்லை, அன்றைக்கும் சரி, ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதும் சரி.

இன்று உன் வீட்டுக்காரி சொன்னாள்: "எத்தினி வாட்டி பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாம்னு சொன்னேன் அண்ணா. 'தொடாதே, அது என்னுது இல்ல'ன்னுவாரு. உங்களுதா?"

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, துண்டை எடுத்து நாற்காலியில் போட்டேன். ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். பொத்தான் இன்னும் நீ என் தலைக்கு மாட்டிய இரண்டாவது துளையில்தான் இருக்கிறது. நீ போடக் கூடாது என்று சொன்னதைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் நின்று மேலே பார்த்தேன். விழவில்லை.

இப்போதும் பொறாமைதான் மச்சான். உன் இடத்தில் நான் இருந்திருந்தால், அன்று ராத்திரியே அதை முதல் துளைக்கு மாற்றியிருப்பேன்.