அப்பாவின் வீடியோவுக்குக் கீழே

அப்பாவுக்கு, ஷார்ஜாவிலிருந்து அருண்பாண்டி எழுதுறது. நான் நல்லாருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா? போன்ல சொல்ல வாய் வரலப்பா, அதான் கடுதாசி.

நீங்க திருவிழாவுல அழகர் வேஷம் கட்டித் தண்ணி பீய்ச்சின வீடியோவைத் தங்கச்சி அஸ்வினி போட்டிருந்தாள்ல, அதைப் பார்த்து ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க. எங்கப்பானு சொல்லக் கூச்சப்பட்டு, நானும் பொய்ப் பேர்ல 'கோமாளி'னு கமெண்ட் போட்டேன். அதுக்கு அம்புட்டு லைக்கு.

மறுநாள் பார்த்தா, எழுதுனது யாருன்னு தெரியாம நீங்க பதில் போட்டிருக்கீங்க: "நேர்த்திக்கடன் தம்பி. வெளிநாட்டுல என் மகன் நல்லாருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

அந்தத் தம்பி நான்தாம்ப்பா.

கம்பெனி பஸ் வந்துருச்சு, போறேன். அந்த வேஷத்தோட ஒரு போட்டோ அனுப்புங்க, கட்டில் தலைமாட்டுல ஒட்டணும். யாருன்னு கேக்கட்டும், இந்தத் தடவை சொல்லிருவேன்.

அருண்பாண்டி